பெரிப்ளுஸ் 56ஆம் பத்தி வரை: லத்தீனும் பழைய கிரேக்கமும் வீட்டிலிருந்தே பழகிய பதிவு

‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளுஸ்’ என்ற பழைய கிரேக்க வணிகக் கையேட்டின் 56ஆம் பத்தியை, ஆங்கில மொழிபெயர்ப்பைத் திறக்காமல் மூலத்திலேயே படித்து முடித்துவிட்டேன். முசிறிப் பக்கத் துறைமுகங்களில் இறங்கிய சரக்கும் ஏறிய சரக்கும் பட்டியலாக வரும் பத்தி அது. அச்சில் ஒரு பக்கத்தைத் தாண்டாது. இந்த ஒரு பக்கத்துக்காக லத்தீன், கிரேக்கம் என இரண்டு மொழிகளின் அடிப்படையைப் பழக வேண்டியிருந்தது. வகுப்பு கிடையாது, ஆசிரியர் கிடையாது. சில புத்தகங்கள், நோட்டு, கைபேசி, தெருமுனை ஜெராக்ஸ் கடை, தினமும் காலையில் அரை மணி நேரம். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எது பலித்தது, எது பலிக்கவில்லை, என்ன செலவானது என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில். பெரிப்ளுஸ் கிரேக்க நூல். அதற்கு லத்தீன் எதற்கு? இலவசமாகக் கிடைக்கிற நல்ல பதிப்பு 1855இல் பாரிஸில் வந்த கார்ல் முல்லரின் தொகுப்பு. அதில் கிரேக்க மூலத்தோடு லத்தீன் மொழிபெயர்ப்பும் அச்சாகியிருக்கிறது. அந்தக் காலத்துப் பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பையும் லத்தீனில்தான் எழுதினார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கண் அங்கேயே போய் நின்றுவிடும். கிரேக்கம் மண்டையில் ஏறாது. லத்தீன் மொழிபெயர்ப்பு என்றால் அதையும் உழைத்துத்தான் படிக்க வேண்டும், ஆனால் முட்டி நிற்கும் இடத்தில் கைகொடுக்கும். தவிர, லத்தீனுக்குப் புது எழுத்து தேவையில்லை. அதனால் லத்தீன் முதலில். இந்த முடிவு சரியான முடிவு என்றுதான் இப்போதும் சொல்வேன்.

லத்தீன்

இணையத்தில் கிடைத்த, இலக்கணத்தை முன்வைத்துப் போகும் ஒரு பாடப்புத்தகத்தில் ஆரம்பித்தேன். பெயர்ச்சொற்களுக்கு ஐந்து வகைத் திரிபு, வினைக்கு நான்கு வகை. வாய்ப்பாடு ஒப்பித்துப் பழகிய நமக்கு அட்டவணையை உருப்போடுவது பெரிய காரியமே இல்லை. புவெல்ல, புவெல்லை, புவெல்லை, புவெல்லம், புவெல்லா என்று குளிக்கும்போதுகூடச் சொல்லலாம். கஷ்டம் வாக்கியத்தில்தான் வரும். ‘புவெல்லை’ என்ற ஒரே வடிவம் ‘பெண்ணுடைய’, ‘பெண்ணுக்கு’, ‘பெண்கள்’ மூன்றுக்கும் பொதுவானது. அட்டவணையில் மூன்றும் தனித்தனிக் கட்டத்தில் அழகாக உட்கார்ந்திருக்கும். வாக்கியத்தில் கட்டம் எதுவும் கிடையாது. பாதிப் புத்தகம் வந்தபிறகும் புதிதாக ஒரு வரியைக் கொடுத்தால் எழுத்துப் புதிர் அவிழ்ப்பதுபோலத்தான் இருந்தது.

அதை ஓரமாக வைத்துவிட்டு, டென்மார்க்குக்காரரான ஹான்ஸ் ஓர்பெர்க் எழுதிய ‘ஃபமிலியா ரோமானா’வை வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்தே முழுக்க லத்தீன். விளக்கம்கூட லத்தீனிலேயே, ஓரத்தில் படமும் குறியுமாக. ‘ரோமா இன் இத்தாலியா எஸ்ட்’ என்று தொடங்கி, 35 அத்தியாயங்களில் ஒரு ரோமானியக் குடும்பத்தின் கதையாகப் போகிறது. இறக்குமதிப் புத்தகம் என்பதால் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. இந்த வேலையில் பெரிய செலவு இது ஒன்றுதான்.

படித்த முறை இது: ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் சத்தமாக வாசிப்பது. அடுத்த நாள் பென்சிலால் வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு. மூன்றாம் முறை மறுபடி சத்தமாக. மூன்றாவது வாசிப்பில் தடங்கும் சொற்கள் மட்டும், ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளுமாக எழுதும் மனப்பாட அட்டைக்குப் போகும். எல்லாச் சொல்லையும் அட்டையாக்கினால் அட்டை எழுதுவதே வேலையாகிவிடும். அட்டைக்கு பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொண்டேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கும், தடிமனும் சரியாக இருக்கும். கைபேசியில் இதே அட்டை வேலையைச் செய்யும் ஆங்கி செயலியும் வைத்திருந்தேன். ஆனால் கையால் எழுதியவை நின்ற அளவுக்கு அதில் தட்டியவை நிற்கவில்லை.

வேற்றுமை அட்டை

எனக்கு அதிகம் உதவிய ஒரே கருவி, நானே ஏ-4 தாளில் போட்டுச் சுவரில் ஒட்டிய வேற்றுமை அட்டைதான். ஆங்கிலப் புத்தகங்கள் வேற்றுமை என்றால் என்ன என்பதற்கே ஒரு அத்தியாயத்தைச் செலவழிக்கின்றன. நாம் ஆறாம் வகுப்பு முதலே ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று சொல்லி வந்தவர்கள். நேராகத் தமிழோடு பொருத்தினால் பத்து நிமிட வேலை.

லத்தீனில் எழுவாயும் விளியும் நமக்குத் தெரிந்தவையே. ஐ, கு, உடைய ஆகிய மூன்றுக்கும் தனித்தனி உருபு உண்டு. மிச்சம் இருக்கிற ஒன்று, ஆங்கிலத்தில் அப்லேட்டிவ் என்பது, நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளை மொத்தமாகத் தூக்கிச் சுமக்கிறது: கத்தியால், நகரிலிருந்து, வீட்டில். கிரேக்கத்தில் அந்த அப்லேட்டிவே கிடையாது. ‘இலிருந்து’ என்ற பொருள் ‘உடைய’ வேற்றுமையோடும், ‘ஆல்’, ‘இல்’ ஆகியவை ‘கு’ வேற்றுமையோடும் போய்ச் சேர்ந்துவிட்டன. இதைக் கோடு போட்டு இணைத்து வரைந்த அன்றுதான் கிரேக்கம் முடியாத காரியமில்லை என்று தோன்றியது.

சொல்வரிசையிலும் நமக்கு லாபம். லத்தீன் உரைநடையில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். இன்னொரு பெரிய லாபம்: ‘உர்பெ கப்தா’ என்பது போன்ற தொடர்கள். ‘நகரம் பிடிபட’ என்று அர்த்தம். அதன்பின் வேறு எழுவாயோடு முக்கிய வாக்கியம் வரும். ஆங்கிலத்தில் படிப்பவர்கள் இதில் திணறுவார்கள். ‘மழை பெய்யப் பயிர் விளைந்தது’ என்று சொல்கிறவருக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது? கிரேக்கத்திலும் இதே வேலை நடக்கிறது, வேற்றுமை மட்டும் மாறுகிறது.

பெயரடையில்தான் தமிழ் காலை வாரியது. நம் ‘பெரிய’ எந்தப் பெயருக்கு முன்னாலும் அப்படியே நிற்கும். பெயரை விட்டு நகரவும் நகராது. லத்தீனில் அது பால், எண், வேற்றுமை மூன்றிலும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். அப்படி ஒத்துப்போவதாலேயே தள்ளி நிற்கவும் அதற்கு உரிமை உண்டு. ஜூலியஸ் சீசர் கால்லியாவில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) நடத்திய போரைப் பற்றிய அவருடைய நூல் ‘கால்லியா எஸ்த் ஓம்னிஸ்...’ என்று ஆரம்பிக்கும். கால்லியா முன்னால், அதற்கான ‘முழுவதும்’ என்ற சொல் வினைக்கு அந்தப் பக்கம். கண் பக்கத்துச் சொல்லையே தேடிப் பழகிவிட்டதால், தள்ளி இருப்பதைப் பிடிக்க வெகுநாள் ஆனது. பாலும் அப்படித்தான். மேசை பெண்பால், சாலை பெண்பால். திணையை வைத்து யோசிக்கிற மண்டைக்கு இது சுத்தமாக ஒத்துவரவில்லை. கடைசியில் ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, அலிப்பாலுக்குப் பச்சை என்று மூன்று மையில் பெயர்களை எழுதத் தொடங்கினேன். பொருளை யோசிப்பதை விட்டு நிறத்தை நினைவில் வைத்தால் வேலை நடக்கிறது.

ப², ப³

உச்சரிப்புக்குத் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். இதில் பாதி வெற்றி, பாதி தோல்வி. உயிரெழுத்தில் முழு வெற்றி. லத்தீனின் ஐந்து குறில் ஐந்து நெடில் நம் அ ஆ முதல் ஒ ஓ வரை அப்படியே பொருந்துகின்றன. ஆங்கில எழுத்தில் மேலே கோடு போட்டுக் காட்ட வேண்டிய வித்தியாசம் தமிழில் தானாகவே வந்துவிடுகிறது. ‘புவெல்ல’ என்றால் எழுவாய், ‘புவெல்லா’ என்றால் அப்லேட்டிவ். கிரேக்கத்தில் இன்னும் அழகு. எப்ஸிலோன் எ, ஏட்டா ஏ, ஓமிக்ரோன் ஒ, ஓமெகா ஓ. நான்கும் நான்கு தனி எழுத்து. நம் எழுத்தில் இந்த எ–ஏ, ஒ–ஓ வேறுபாட்டைச் சீர்படுத்தியவராகச் சொல்லப்படும் வீரமாமுனிவர், தமிழுக்கு லத்தீனிலேயே இலக்கணம் எழுதியவர். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது.

மெய்யெழுத்தில்தான் சறுக்கியது. கிரேக்கத்தில் பை, ஃபை, பீட்டா மூன்றுக்கும் தமிழில் ‘ப’ ஒன்றுதான். பொரொஸ் என்றால் கடந்து போகும் வழி. ஃபையில் தொடங்கினால் கப்பம். என் நோட்டில் இரண்டும் ஒரே மாதிரி கிடந்தன. ஒரு வாரத்துக்கு முன் எழுதியதை எனக்கே படிக்க முடியவில்லை.

தீர்வு பூஜை அலமாரியில் இருந்தது. தமிழ் எழுத்தில் அச்சிட்ட சமஸ்கிருத சுலோகப் புத்தகங்களில் ப², ப³ என்று எண் போடுவார்களே, அதே முறை. பை வெறும் ப, ஃபை ப², பீட்டா ப³. தௌ த, தீட்டா த², டெல்டா த³. கப்பா க, கை க², காமா க³. பழைய கிரேக்கத்தில் ஃபை, தீட்டா, கை மூன்றும் மூச்சுக்காற்றோடு சேர்ந்து வெடிக்கும் ஒலிகள்தான் என்பதால் 2 என்ற எண் மிகச் சரியாகவே பொருந்துகிறது. பிற்காலக் கிரேக்கத்தில்தான் ஃபை பல்லும் உதடும் சேர்கிற ஒலியானது. யோவான் சுவிசேஷத்தின் முதல் வரியை இந்த முறையில் எழுதினால்: என் அர்கே²ய் ஏன் ஹொ லொகொ³ஸ். வெடிப்பொலிகளைப் பொறுத்தவரை இந்த முறையில் எழுதியதிலிருந்து மூல எழுத்துக்குத் திரும்பிப் போகலாம், எதுவும் தொலையாது.

கிரேக்க எழுத்துக்கு நாலு கோடு நோட்டு

இருபத்து நான்கு எழுத்து. ஒரு வாரத்தில் வந்துவிடும் என்பார்கள், வந்துவிடும்தான். ஆனால் வேகமாகப் படிக்கும்போது ஆங்கிலப் பழக்கம் குறுக்கே வரும். ஏட்டா ஆங்கில ‘என்’ போலவும், நூ ‘வி’ போலவும், ரோ ‘பி’ போலவும் இருக்கும். கண்ணால் பார்த்துப் பழகினால் இந்தக் குழப்பம் போகாது. கை பழக வேண்டும். குழந்தைகள் ஆங்கிலக் கையெழுத்து பழகும் நாலு கோடு நோட்டு இதற்குக் கச்சிதம். பீட்டா, ஃபை, ப்ஸை மேலும் கீழும் நீளும். ஆல்ஃபா, ஓமெகா நடுக்கோடுகளுக்குள் அடங்கும். நோட்டு நாற்பது ரூபாய். இந்த மொத்தச் செலவிலும் ரூபாய்க்கு ரூபாய் அதிகப் பலன் தந்தது அதுதான்.

அடுத்தது மேலே போடும் குறிகள். குரல் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் மூன்று வகைச் சுரக்குறி, சொல் உயிரில் தொடங்கினால் முன்னால் ‘ஹ்’ ஒலி உண்டா இல்லையா என்று காட்டும் மூச்சுக்குறி இரண்டில் ஒன்று, சில நெடில்களுக்கு அடியில் குட்டி ஐயோட்டா. சுரக்குறியை முதலில் விட்டுவிடலாம் என்று பலர் சொல்வார்கள். நான் விட்டேன், திரும்ப வந்து பழைய சொற்களை எல்லாம் குறியோடு எழுத வேண்டியதாகிவிட்டது. தனி ஏட்டா ஒன்றுதான், மேலே இருக்கும் குறியை வைத்து ஒரு இடத்தில் பெண்பால் சுட்டு, இன்னொரு இடத்தில் ‘அல்லது’. குறியில்லாமல் எழுதினால் இரண்டும் ஒன்று.

தட்டச்சுக்கு ஒரு குறிப்பு. கிரீஸ் 1982இல் இந்தப் பலகுறி முறையை அதிகாரபூர்வமாகக் கைவிட்டுவிட்டது. அதனால் சாதாரண கிரேக்க விசைப்பலகையில் ஒரே ஒரு சுரக்குறிதான் இருக்கும். விண்டோஸில் ‘கிரீக் பாலிடானிக்’ என்று வேறொன்று கூடவே வருகிறது. அதைத்தான் சேர்க்க வேண்டும். இன்னொரு தொல்லை: யூனிகோடில் கூர்ங்குறி என்ற ஒரே சுரக்குறி இரண்டு இடத்தில் இருக்கிறது. நான் தட்டியதும் இணையத்திலிருந்து நகலெடுத்ததும் பார்க்க ஒன்றுபோல, ஆனால் கோப்பில் தேடினால் அகப்படாது. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் தேடல் வேலை செய்தது. ஜெராக்ஸ் கடையில் எழுத்துருவை உள்ளே பதிக்காத பிடிஎஃப் கொடுத்தால் கட்டம் கட்டமாக அச்சாகி வரும். அந்தத் தாள்கள் இப்போது மளிகைக் கணக்குக்கு ஆகின்றன.

பாடநூலாக ‘அதேனாஸே’ முதல் பாகம், பழைய புத்தகமாகக் கிடைத்தது. ஏதென்ஸ் நாட்டுப்புற விவசாயி ஒருவரின் கதையாகப் போகிறது. இலக்கணச் சந்தேகத்துக்கு 1920இல் வந்த ஸ்மித்தின் கிரேக்க இலக்கணம். மூவாயிரம் பத்திகளுக்கு மேல் உள்ள பெரும் நூல், பெர்ஸியஸ் மின்நூலகத்தில் இலவசம். அதிலிருந்து அட்டவணைகளை மட்டும் அச்செடுத்து ஸ்பைரல் போட்டேன், 260 ரூபாய். அதே பெர்ஸியஸில் எந்தச் சொல்லையும் தட்டினால் அதன் திரிபைப் பிரித்துக் காட்டும். மூல எழுத்தில் தட்ட முடியாதபோது ஆங்கில எழுத்துக்குறி முறை உண்டு: ஏட்டாவுக்கு ஹெச், ஓமெகாவுக்கு டபிள்யூ, தீட்டாவுக்கு க்யூ. ஒரு எச்சரிக்கை: இந்தக் கருவி கையில் இருந்தால் யோசிக்காமலே தட்டிக்கொண்டிருப்போம். முதலில் பென்சிலால் ஊகத்தை எழுதிவிட்டுத்தான் தட்டுவது என்று வைத்துக்கொண்டேன்.

கிரேக்கத்தில் சிரித்த இடம் ஒன்று. அலிப்பால் பன்மை எழுவாயாக வந்தால் வினை ஒருமையில்தான் வரும். ‘விலங்குகள் ஓடுகிறது’ என்பதுதான் அங்கே சரியான இலக்கணம். தமிழ் வகுப்பில் சிவப்பு மை வாங்கித் தந்த அதே வாக்கியம். ‘மாடெல்லாம் வருது’ என்று பேசுகிறவனுக்கு இந்த விதியை உருப்போட வேண்டிய தேவையே இல்லை.

பெரிப்ளுஸ் எழுதப்பட்டது கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், பாடநூலின் ஏதென்ஸ் கிரேக்கத்துக்குப் பல நூறு வருஷம் கழித்து. இடைவெளியைத் தாண்ட, ஏறக்குறைய அதே காலத்துக் கிரேக்கத்தில் உள்ள யோவான் சுவிசேஷத்தின் முதல் சில அதிகாரங்களைப் படித்தேன். வாக்கியங்கள் சின்னவை, அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். தமிழ் பைபிள் வரிகள் ஏற்கெனவே காதில் இருப்பதால் அகராதி அதிகம் தேவைப்படாது.

56ஆம் பத்தி

நூலாசிரியர் பெயர் தெரியாது. எகிப்திலிருந்து கப்பலேறிய கிரேக்க வணிகர் என்பது பொதுவான கருத்து. கையெழுத்துப் பிரதி ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் இருக்கிறது, பத்தாம் நூற்றாண்டினது. மொத்தம் 66 பத்திகள். நடை கணக்குப்பிள்ளை நடை: சரக்கு, துறை, காற்று, மாதம். அழகு எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். தொடக்கக்காரருக்கு இதுதான் வரம், ஏனென்றால் பட்டியலில் வினை ஒன்றுதான், மற்றதெல்லாம் பெயர்.

அந்த வினை முன்னாலேயே வந்துவிடுகிறது, ‘போய்ச் சேர்கிறது’ என்கிற மாதிரி. அதன்பின் சரக்குகள் வரிசையாக. முதலில் ஏராளமான நாணயம். அகநானூறு 149இல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறியின் யவனக் கப்பல்கள் வருகின்றன. இங்கே அதே வியாபாரம் எதிர்க்கரைக் கணக்கில் இருக்கிறது. அப்புறம் சாதாரணத் துணி கொஞ்சம், பல வண்ண நெசவு, பவளம், கச்சாக் கண்ணாடி, செம்பு, வெள்ளீயம், காரீயம், அதிகமில்லாத திராட்சை மது. சில பெயர்களுக்கு கிரேக்க–ஆங்கில அகராதி தந்த சொல்லே எனக்குப் புரியவில்லை. அர்செனிகோன், ஸந்தரகே, ஸ்திமி மூன்றும் நாட்டு மருந்துக் கடைக்காரருக்குத் தெரிந்தவை என்று பிறகுதான் புரிந்தது: தாளகம், மனோசிலை, அஞ்சனக்கல். கப்பல்காரர்களுக்குப் போதுமான அளவு தானியமும் பட்டியலில் உண்டு, ஏனென்றால் அங்குள்ள வணிகர்கள் அதைப் பயன்படுத்துவதில்லையாம். சோறு சாப்பிடும் ஊருக்குச் சொந்தக் கோதுமையோடு வந்திருக்கிறார்கள்.

ஏற்றுமதிப் பகுதி கடினம். மிளகு ஒரே வட்டாரத்தில் விளைவதைச் சொல்லுமிடத்தில் ‘விளைகிற’, ‘எனப்படும்’ என்று எச்சங்கள் அடுக்கி வருகின்றன. லத்தீன் மொழிபெயர்ப்பைப் பார்க்காமல் எனக்கு நகரவில்லை. முல்லர் பக்கத்தில் வேற்றுமை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகு, தமிழில் பெயரெச்சமாக மாற்றிச் சொன்னதும் வாக்கியம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. முத்து, யானைத் தந்தம், சீனப் பட்டு, கங்கைச் சடாமாஞ்சி, வைரம், ஆமையோடு ஆகியவை பின்னால் சுலபமாக வந்தன. கடைசி வரி, எகிப்திலிருந்து ஜூலை வாக்கில் கிளம்ப வேண்டும் என்கிறது. ரோமானிய மாதத்தையும் எகிப்திய மாதத்தையும் இரண்டையும் கொடுத்திருக்கிறார். தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடிக்க.

செலவும், மாற்றப் போவதும்

லத்தீன் புத்தகம், பழைய கிரேக்கப் புத்தகம், நோட்டு, மை, அச்சு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. ஆங்கி, பெர்ஸியஸ், முல்லர், ஸ்மித் எல்லாம் இலவசம். இலக்கணப் புத்தகத்தை முழுதாக அச்சடித்து வைக்கும் ஆசை வரும், வேண்டாம்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் அட்டவணை உருப்போடுவதை மூன்றாவது மாதத்துக்குத் தள்ளுவேன், வாசிப்பு முதல் நாளே. ப² முறையையும் சுரக்குறியையும் முதல் பக்கத்திலிருந்தே வைத்துக்கொள்வேன். ‘இயற்கை வரலாறு’ எழுதிய ரோமானியர் ப்ளினியை இவ்வளவு சீக்கிரம் தொட மாட்டேன். மிளகு விலைக்காக அவருடைய 12ஆம் புத்தகத்துக்குப் போனேன்; ராத்தலுக்குத் திப்பிலி 15 தினாரி (ரோமானிய வெள்ளிக்காசு), வெண்மிளகு 7, கருமிளகு 4 என்ற எண்கள் மட்டும்தான் உடனே பிடிபட்டன. சுற்றியிருக்கும் வாக்கியங்களை அவர் அவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறார்.

முக்கியமாக, கிரேக்க வினைகளின் அடிப்படை வடிவங்களை ஆரம்பத்திலேயே எழுதுவேன். லத்தீன் வினைக்கு நான்கு, கிரேக்க வினைக்கு ஆறு. ‘பெ²ரோ’ என்று நிகழ்காலத்தில் படித்துவிட்டு, எதிர்காலம் ‘ஒய்ஸோ’ என்று வந்து நிற்கும்போது அதே வினை என்று யாருக்குத் தெரியும்? அடிக்கடி வரும் ஐம்பது வினைகளை, ஆறு கட்டம் போட்ட அட்டைகளில் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை தீர்ந்துவிட்டது; இதற்கு விசிட்டிங் கார்டு அட்டை நூறு வாங்க வேண்டும்.